நான்கு எழுத்தில் அக்கா சொன்ன சொல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், தூரம் பாராமல் வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி இதைத் தொடங்குகிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்லன். திண்டிவனத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், எங்கள் பேச்சில் காயில், கட்டும் கடை வைத்திருப்பவன். "மாமா, நீங்கதான் எழுதணும்" என்று அக்காவின் மகள் நிவேதா சொன்னபோது முதலில் மறுத்தேன். பிறகு யோசித்தேன். அக்காவின் கதையில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை வேறு ஒருவர் எழுதுவதைவிட நானே எழுதுவதுதான் முறை.

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே உள்ள சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். எனக்கும் அவருக்கும் நான்கு வயது இடைவெளி. பஸ் ஏறித் திண்டிவனம் சென்று பத்தாம் வகுப்புவரை படித்தார். கணக்கில் எண்பத்தொன்று வாங்கியவர், ஆங்கிலத்தில் முப்பத்தொன்று வாங்கித் தோற்றார். நான்கு மதிப்பெண் குறைவு. மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்று வந்த நாளில் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தோம். மழை வருவதுபோல் இருந்தது. அக்கா அப்பாவிடம் கேட்டார்.

"அடுத்த தபா எழுதிக்கலாம். இப்ப மழைக்கு முன்னாடி காய் வூடு சேரணும்," என்றார் அப்பா.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. இருபதாம் வயதில் விழுப்புரத்தில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். அவர் ஆட்டோ ஓட்டுபவர். அக்கா வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கத் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் கழித்து நிவேதா பிறந்தாள். அளவு எடுத்துச் சென்ற பெண்கள் மறுபடி வேறு கடைக்குப் போனதில்லை என்பதை விழுப்புரத்திலிருந்து வந்திருப்பவர்கள் அறிவார்கள்.

நிவேதா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அக்காவின் கைப்பேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் மறைந்திருக்கும். ஆறு முறைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் சொல்லில் ஓர் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தவறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல் நிறம். நாளைக்கு ஒரு சொல்தான்.

முதல் பதினொரு நாளும் அக்கா தோற்றார். பன்னிரண்டாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தெரிந்த ஐந்து எழுத்துச் சொற்களை எழுதினார். அகர வரிசையில் அல்ல. நடுவில் 'ஏ' வருபவை ஒரு பக்கம், 'ஈ'யில் முடிபவை ஒரு பக்கம், ஒரே எழுத்து இரண்டு முறை வருபவை ஒரு பக்கம். செய்தித்தாளில், மருந்து அட்டையில், பஸ்ஸின் பின்பக்கத்தில் கண்ட சொற்களையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார். ஐந்து என்றால் நோட்டில் ஏறும்.

காலையில் எனக்குப் போன் வரும்.

"தம்பி, மொத எழுத்து தெரியல. மீதி ஐ, ஜி, ஹெச், டி. இன்னா வார்த்தை?"

"லைட்டு."

"அத்தப் போட்டுத்தான் மீதி தெரிஞ்சுது. எல் இல்லயாம்."

"அப்ப நைட்டு."

"நைட்டு, ரைட்டு, ஃபைட்டு, சைட்டு. ஒரே மாதிரி நெறைய கீது. எனக்கு ரெண்டு தடவதான் பாக்கி. ஒண்ணு ஒண்ணா போட்டுக்கினு இருந்தா தோத்துடுவேன்."

அன்று மாலை மறுபடி அழைத்தார். "ஃப்ரண்ட்டுன்னு போட்டேன் தம்பி. ரவிக்கைக்கு முன்பக்கம்னு எழுதுவோமே, அந்த ஃப்ரண்ட்டு. அதுல எஃப், ஆர், என் மூணும் கீது. ஒரே தடவையில மூணையும் பாத்துட்டேன். ஆர் மட்டும் மஞ்சளாச்சு. அப்ப ரைட்டு."

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று நான் வியந்தேன். உடனே தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கும் அவசரம் அவரிடம் இல்லை. எது இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வார். அந்தப் பொறுமை எனக்கு இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓராண்டில் மூன்று நோட்டுகள் நிறைந்தன. அந்த ஆண்டே பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் போவதாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டதால் எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுத வேண்டும் என்று விசாரித்த இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"இந்த வயசுல எதுக்குக்கா?" என்றேன்.

"பாஸ் பண்றதுக்குத்தான்," என்றார்.

தேர்வு மையத்தில் தன் மகளைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு. மதிப்பெண் பட்டியலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தையல் இயந்திரத்துக்கு மேலே மாட்டினார். நிவேதா அப்போது செவிலியர் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் இருக்கும். போனில் அக்காவின் பேச்சு குழறியது. "வாயில இன்னாத்த வெச்சிக்கினு பேசற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, நாக்கு தடிச்சிப் போன மாதிரி கீது," என்றார். ஒரு மாதத்தில் தண்ணீர் குடித்தால் புரையேறியது. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. புதுச்சேரி மருத்துவமனையில் பல பரிசோதனைகளுக்குப் பின் சொன்னார்கள்: தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். அறிவு மங்காது, கண் தெரியும், காது கேட்கும். ஆனால் பேச்சு, கை, கால், கடைசியில் மூச்சு என்று போய்விடும். குணப்படுத்த மருந்து இல்லை.

அக்கா அதை உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்ததும் மாமாவிடம், "மொதல்ல ஏதாவது சாப்புடுங்க. காலையிலேருந்து சுத்திக்கினு கீறீங்க," என்றார். அது எனக்குப் புரிந்தது. மாமாவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு குழறலாகிவிட்டது.

ஓராண்டுக்குள் பேச்சு முழுவதும் நின்றது. சில மாதம் எழுதிக் காட்டினார். பிறகு விரல்களும் நின்றன. கண்கள் மட்டும் அவர் சொன்னபடி கேட்டன. ஒருமுறை மூடினால் ஆம், இருமுறை மூடினால் இல்லை.

முதலில் தமிழில்தான் முயன்றோம். நிவேதா ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதிக் காட்டினாள். ஒரு மெய்யைப் பிடித்து, அதற்கு உயிரைப் பிடித்து, ஒரு சொல் முடிவதற்குள் அக்கா களைத்துவிடுவார். மூன்றாம் நாள், அக்கா அட்டையைப் பார்க்க மறுத்து, அலமாரியிலிருந்த சொல் நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதாவுக்குப் புரிந்துவிட்டது. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை ஐந்து வரியாக எழுதினாள். எத்தனை எழுத்துச் சொல் என்பதை முதலில் கேட்பது. அத்தனை முறை அக்கா கண்ணை மூடுவார். பிறகு எந்த வரி, அந்த வரியில் எந்த எழுத்து என்று விரலை நகர்த்திக் கேட்பது. சரியான இடத்தில் கண் மூடும்.

அவரிடம் இருந்தவை நோட்டில் ஏறிய ஐந்து எழுத்துச் சொற்களும், அவற்றைத் தேடும்போது கண்ணில் பட்ட நான்கு எழுத்துச் சொற்களும்தான். அவற்றை வைத்தே ஒரு குடும்பத்தை நடத்தினார். 'ஃபுட்' என்று சொல்லிவிட்டு யாரைப் பார்க்கிறாரோ அவர் சாப்பிட்டாரா என்று பொருள். மாமா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆட்டோவின் எண்பலகைக்கு மேல் ஆங்கிலம் அறியாதவர். சவாரி இல்லாத மதிய வேளைகளில் நிவேதாவின் பழைய நோட்டில் ஏ, பி, சி, டி எழுதிப் பழகினார். ஒரு மாதத்தில் அக்காவோடு அவரே பேசத் தொடங்கினார். எழுத்துகளை அப்படியே குறித்துக்கொண்டு கல்லூரியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "டபிள்யூ, ஏ, ஆர், எம். இன்னாம்மா அது?" என்று கேட்பார். சுடுதண்ணீர் வேண்டுமாம் என்று அவள் சொல்வாள்.

எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. ஒருநாள் ஐந்து எழுத்தில் சி, எல், ஓ என்று வந்ததும் 'க்ளோஸ்' என்று முடிவு செய்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அக்கா இருமுறை கண்ணை மூடினார். அவர் கேட்டது 'க்ளாத்'. வாயோரம் வழிந்ததைத் துடைக்கத் துணி.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அக்காவின் நிலையைப் பார்த்துப் போன உறவினர் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். அம்மா கண் மூடுவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்பது அது. நானும் அப்படித்தான் நினைத்தேன். திண்டிவனத்தில் ஒரு வரன் பார்த்தேன். நல்ல குடும்பம், சொந்தக் கடை. நிவேதா மூன்றாம் ஆண்டில் இருந்தாள். "படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்," என்று மாமாவிடம் நான்தான் சொன்னேன். மாமாவும் ஒப்புக்கொண்டார். நிவேதா ஒன்றும் பேசவில்லை. அக்காவிடம் செய்தியாகச் சொன்னேனே தவிர, அவர் விருப்பம் என்ன என்று எழுத்து அட்டையை எடுத்துக் கேட்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸில் புதுச்சேரி கொண்டு சென்றோம். முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று செலுத்தினார்கள். அடுத்த நாள் காலையில் மருத்துவர் அம்மா எங்களை அக்காவின் கட்டிலருகே நிறுத்திப் பேசினார். அக்காவுக்கும் கேட்க வேண்டும் என்றே அங்கே பேசினார்.

"இந்த மாஸ்க் ரொம்ப நாள் தாங்காது. கழுத்துல சின்னதா ஒரு ஹோல் போட்டு, அது வழியா மெஷின்ல காத்து குடுக்கலாம். பழகிட்டா வீட்டுக்கே கொண்டு போகலாம். ஆனா நோய் குணமாகாது. பாத்துக்கறவங்களுக்கும் கஷ்டம். வேண்டாம்னாலும் தப்பில்ல, கஷ்டம் தெரியாம வெச்சிக்க வழி இருக்கு. யோசிங்க. முக்கியமா அவங்களக் கேளுங்க."

வராந்தாவுக்கு வந்து நானும் மாமாவும் பேசினோம். அக்கா பட்டது போதும், வீட்டுக்குக் கொண்டு போவோம் என்றேன் நான். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அப்பிடியே செய்யி மச்சான்," என்றார். பிறகு உள்ளே போய், மருத்துவரும் நிவேதாவும் கட்டிலருகே நிற்க, மருத்துவர் சொன்னதற்காக அட்டையை எடுத்தேன்.

"அக்கா, டாக்டரம்மா சொன்னத கேட்டியா? உனக்கு இன்னா வேணும்? எத்தன எழுத்து?"

நான்கு முறை கண்ணை மூடினார்.

இரண்டாம் வரி. மூன்றாவது எழுத்து. ஹெச்.

மூன்றாம் வரி. கடைசி எழுத்து. ஓ.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டேன். "ஹோம். வூட்டுக்குப் போவணும்னு சொல்றாங்க டாக்டர். கூட்டிக்கினு போயிடறோம்," என்றேன்.

"இருங்க மாமா," என்றாள் நிவேதா. "நாலு எழுத்துல ரெண்டுதான் வந்திருக்கு. அம்மா கண்ணப் பாருங்க."

அக்கா இரண்டு முறை மூடித் திறந்தார். மறுபடி இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை. அவ்வளவு வேகமாக அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

நிவேதா அட்டையை எடுத்தாள். அவசரப்படாமல் முதல் வரியிலிருந்து விரலை நகர்த்தினாள். மூன்றாம் வரி, இரண்டாவது எழுத்து. எல். பிறகு முதல் வரி, கடைசி எழுத்து. ஈ.

மருத்துவர்தான் முதலில் பேசினார். "ஹோல். ஓட்டை போடச் சொல்றாங்க."

மருத்துவர் குனிந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். மெஷினை விட்டு இனி வர முடியாமல் போகலாம், எத்தனை மாதம் என்று உறுதி சொல்ல முடியாது, தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றார். அக்கா ஒருமுறை கண்ணை மூடி, சிறிது நேரம் கழித்தே திறந்தார்.

மாமா கட்டிலருகே வந்தார். "இவ்ளோ கஷ்டம் எதுக்கும்மா உனுக்கு?" என்று கேட்டார். அவருக்கும் பதில் சொன்னார் அக்கா. ஐந்து எழுத்து. என், யூ, ஆர், எஸ், ஈ.

"நர்ஸைக் கூப்புடறாங்க," என்று நான் திரும்பினேன். அந்த வார்டு நர்ஸ் அம்மையாரே பக்கத்தில் வந்து, "என்னம்மா?" என்றார். அக்கா இருமுறை கண்ணை மூடினார். பிறகு நிவேதாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி நிவேதாவைப் பார்த்தார்.

நிவேதா அட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவும் நானும் வெளியே வந்தோம். படியில் உட்கார்ந்ததும் மாமா சொன்னார்: "மச்சான், அந்தத் திண்டிவனத்துக்காரங்களுக்குப் போன் போடு."

போட்டேன். பெண் படிப்பை முடிக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றேன். "வூட்ல யாருங்க?" என்று கேட்டார்கள். "எங்க அக்கா," என்றேன். அவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். இன்றைக்கு இந்த நிகழ்ச்சிக்கும் வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அக்கா பதினாறு மாதம் இருந்தார். எளிதாக இருந்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். மணிக்கொருமுறை சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கரண்ட் போனால் மூச்சு போய்விடும் என்பதால் இரண்டு இன்வெர்ட்டர் வைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று தானாக ஏற்கும்படி நானே இணைத்துக் கொடுத்தேன். வாரம் மூன்று நாள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். எனக்கு அது தண்டனை அல்ல. அக்காவோடு பொறுமையாகப் பேச நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சொல் முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

ஒருநாள் 'டயர்டு' என்று சொன்னார். ஐந்து எழுத்து. நான் நேராகவே கேட்டேன்: "போதும்னு தோணுதாக்கா? மெஷின் வேணாமா?" இருமுறை கண்ணை மூடினார். களைப்பாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம். அதற்கு மேல் நான் அர்த்தம் சேர்க்க வேண்டியதில்லை.

கைப்பேசி விளையாட்டையும் விடவில்லை. மாமா கைப்பேசியைப் பிடித்துக்கொள்வார், அக்கா எழுத்துகளைச் சொல்வார், மாமா அழுத்துவார். பச்சை வந்தால் மாமாதான் முதலில் சிரிப்பார்.

நிவேதா இறுதித் தேர்வு எழுதித் தேறினாள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். முதல் நாள் சீருடையில் அம்மாவின் எதிரே நின்றாள். அக்கா மேலிருந்து கீழாகப் பார்த்து, ஐந்து எழுத்தில் ஒரு சொல் சொன்னார்: 'லூஸ்'. இரண்டு எழுத்து வரிசையாக ஓ வந்ததும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். இடுப்பில் துணி தொளதொளவென்று இருந்தது உண்மைதான். தையல்காரரின் கண். வாடிக்கைக்கார அம்மா ஒருவர் அங்கேயே அக்காவின் இயந்திரத்தில் உட்கார்ந்து பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

அவள் வேலைக்குப் போன பதினேழாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இருந்தது. நுரையீரலில் கிருமி என்று முந்தின நாளே மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்திருந்தார். காலையில் நிவேதா கிளம்பத் தயங்கி அம்மாவின் பக்கத்திலேயே நின்றாள். அக்கா நான்கு முறை கண்ணை மூடினார். எல், ஏ, டி, ஈ. லேட்டாகிறது, கிளம்பு என்று பொருள். "சரிம்மா," என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று பதினொரு மணிக்கு, மாமாவும் நானும் பக்கத்தில் இருக்க, அக்காவின் இதயம் நின்றது. மெஷின் மட்டும் சிறிது நேரம் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாமா சொன்ன பிறகு நான்தான் அதை அணைத்தேன். நாற்பத்தொன்பது வயது.

அக்காவின் முடிவை அவரிடமே கேட்க வைத்த மருத்துவர் அம்மாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. இரவலாகக் கருவி தந்து உதவிய நல்ல உள்ளங்களுக்கும், மின்தடை என்றால் முன்கூட்டியே மாமாவுக்குப் போன் செய்து சொன்ன எங்கள் தெரு லைன்மேன் அண்ணனுக்கும், முறை வைத்துக்கொண்டு பகலில் வந்து அக்காவைப் பார்த்துக்கொண்ட தையல் வாடிக்கைப் பெண்களுக்கும், மாமாவின் சவாரிகளைத் தாங்கள் ஏற்று அவர் வாடிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு தோழர்களுக்கும், நான் கடையைச் சாத்திவிட்டுப் போனபோதெல்லாம் முகம் சுளிக்காத என் மனைவிக்கும், மோட்டாருக்காகக் காத்திருந்த விவசாயிகளுக்கும் என் நன்றி.

அக்காவுக்கு மூச்சு கொடுத்த கருவி இப்போது மயிலம் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் இருக்கிறது. அதே நோய். அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. நிவேதா தமிழ் எழுத்துகளில் புதிய அட்டை ஒன்று செய்து, உயிர் ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த வீட்டாருக்கு அதைப் பழக்கிக் கொடுக்க மாமா வாரம் இரண்டு நாள் போய் வருகிறார். சென்ற வாரம் நானும் உடன் சென்றேன். அவர் ஒரு சொல்லைத் தொடங்கிப் பாதியில் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மகன், "விடுங்க, பேஜாரா கீது அவருக்கு. தண்ணியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார்.

மாமா அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"குந்துப்பா," என்றார். "அவரு மெதுவா சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."